சீனன்குடாவில் விழுந்தவையும் விழுந்தவர்களும்

சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் 91ஆம் இலக்கக் குதத்துக்குக் கூரை இல்லை. சுவர் என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. பற்றை மண்டிய காட்டுக்குள் தடித்த உருக்குத் தகடுகள் தீயில் இளகி, மடிப்பு மடிப்பாக உட்சரிந்து, அப்படியே இறுகிக் கிடக்கின்றன. தறையாணிகள் வரிசை குலையாமல் மிஞ்சியிருக்கும் இடங்களைப் பார்த்தால்தான் இது ஒரு காலத்தில் வட்டமாக நின்ற தாங்கி என்பது பிடிபடும். 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை, ஜப்பானியக் குண்டுவீச்சு விமானம் ஒன்று இதன்மேல் வந்து விழுந்தது. எண்ணெய் ஏழு நாள் எரிந்தது என்பது ஊரில் வழிவழியாக வரும் கணக்கு. விமானத்தில் இருந்த மூவரின் பெயர்களும் சொல்லப்படுகின்றன: ஷிகெனோரி வத்தனபே, கோத்தோ, தோஷிரா.

எதிரி நாட்டு விமானத்தில் வந்து செத்த மூவருக்கு இந்தக் காட்டில் பெயர் இருக்கிறது. அதே காலையில் துறைமுகத்தில் வேலைக்கு நின்று செத்த நம்மவர்களின் பெயர்களைக் கேட்டால் ஊரே யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை பழைய போர்விமானங்களைப் பற்றியும், அவற்றுக்காகத் துக்கம் கொண்டாடும் ஆர்வலர்களைப் பற்றியும் பேசப் போகிறது. ஆனாலும் இந்த ஏற்றத்தாழ்வை மனதில் வைத்துக்கொண்டே அதைப் பேச வேண்டும்.

சுற்றுலா வருபவர்களுக்கு இந்தக் குதத்தைத் 'தற்கொலை விமானம்' விழுந்த இடம் என்று காட்டுவது வழக்கம். கமிக்காசி என்ற பெயரில் ஜப்பான் தற்கொலைப் படைப் பிரிவுகளை அமைத்தது 1944 ஒக்ரோபரில், பிலிப்பைன்சில். 1942இல் அப்படியொரு பிரிவு கிடையாது. ஆனால் அடிபட்ட விமானத்தைத் தாய்க்கப்பலுக்குத் திருப்ப முடியாதென்று கண்ட விமானி, கண்ணில் பட்ட இலக்கின்மேல் அதைச் செலுத்துவது அதற்கு முன்பே இருந்தது. 1941 டிசம்பரில் ஹவாயில், எரிபொருள் ஒழுகத் தொடங்கிய சீரோ விமானத்தோடு ஃபுசாட்டா ஈதா கனேயோஹேத் தளத்துக்குள் பாய்ந்தது இந்த வகை. 91ஆம் குதத்தின் மேல் விழுந்தது பாய்ச்சலா, தற்செயலா என்று சொல்ல அந்த மூவரில் எவரும் மிஞ்சவில்லை.

அந்த வாரத்தின் கதை அதற்கு ஐந்து நாள் முன்னரே தெற்கே தொடங்கியது. ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து ரோந்து போன கனேடிய 413ஆம் அணியின் கற்றலினா கடல்விமானம், இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அணி இலங்கைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. விமானத் தலைவர் லெனாட் பேர்ச்சலின் ஆட்கள் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சீரோக்கள் சூழ்ந்துகொண்டன. ஒன்பது பேரில் மூவர் செத்தார்கள். ஆறு பேர் போர் முடியும்வரை கைதிகள். அட்மிரல் நகுமோவின் கீழ் ஐந்து விமானந்தாங்கிகள் வந்திருந்தன: அக்காகி, ஹிரியூ, சோரியூ, ஷொக்காக்கு, சுயிக்காக்கு. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே படை. வானில் தாக்குதலை நடத்தியவரும் அதே மிட்சுவோ ஃபுச்சிதா.

5ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. அன்றைய இழப்புகளில் ஒன்று திருகோணமலைக்கும் உரியது. சீனன்குடாவிலிருந்து புறப்பட்ட 788ஆம் அணியின் ஆறு சுவோட்ஃபிஷ் விமானங்கள் டோர்பிடோவைச் சுமந்தபடி கொழும்பை நெருங்கியபோது சீரோக்களிடம் அகப்பட்டன. சுவோட்ஃபிஷ் என்பது துணி போர்த்திய இரட்டைச் சிறகு விமானம். டோர்பிடோவும் தொங்கினால் அதன் வேகம் சீரோவின் பாதியைக்கூடத் தொடாது. ஆறும் விழுந்தன.

திருகோணமலையின் முறை 9ஆம் திகதி வந்தது. முந்திய நாளே இன்னொரு கற்றலினா எதிரியைக் கண்டுவிட்டதால் துறைமுகத்தில் இருந்த கப்பல்கள் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டன. காலை ஏழு மணி தாண்டியதும் எலிசபெத் முனையில் இருந்த ராடார், வட்டத்தின் விளிம்பில் ஒரு பெருங்கூட்டத்தைக் காட்டியது. சீனன்குடாவிலிருந்து 261ஆம் அணியின் 17 ஹரிக்கேன்களும் 273ஆம் அணியின் 6 புல்மார்களும் எழுந்தன. எதிரே வந்தவை ஏறத்தாழ 130. ஹரிக்கேன் அணியின் தலைவர் லூயிஸ் தென்னாபிரிக்கர். ஐரோப்பிய வானில் பெயரெடுத்தவர். ஓடுபாதையை விட்டு எழும்பிய வேகத்திலேயே சீரோ அவரைச் சுட்டது. பாராசூட் விரிவதற்கே போதாது என்று சொல்லத்தக்க உயரத்தில் குதித்தும் உயிர் தப்பினார். எட்டு ஹரிக்கேன்களும் மூன்று புல்மார்களும் போயின என்பது போர் வரலாற்று நூல்கள் பொதுவாகத் தரும் கணக்கு.

புல்மாரைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பேர் அமரும் கப்பல் விமானம் அது. கடலில் வழி தவறாமலிருக்க விமானிக்குப் பின்னால் இன்னொருவர் வேண்டும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. அந்த இரண்டாம் ஆளின் பாரமும் இடமும் வேகத்தைத் தின்றுவிட்டன. சீரோவை விட மணிக்கு நூறு கிலோமீற்றர் அளவுக்குப் பின்தங்கிய இந்த விமானத்தில், தம்மால் எதிரியைப் பிடிக்கவும் முடியாது, எதிரியிடமிருந்து ஓடவும் முடியாது என்று தெரிந்துகொண்டே ஆட்கள் ஏறினார்கள். வீரம் என்ற சொல்லை நான் சிக்கனமாகத்தான் பயன்படுத்துவேன். இங்கே பயன்படுத்தலாம்.

அதே காலையில் கடலில் வேறு இரண்டு காரியங்கள் நடந்தன. 413ஆம் அணியின் மற்றொரு கற்றலினா, ஜப்பானியப் படையைக் கண்டு அறிவித்துக்கொண்டிருக்கும்போதே வீழ்த்தப்பட்டது, ஒருவரும் மீளவில்லை. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலை ஓடுபாதையாக்கி நின்ற 11ஆம் அணியின் பிளெனிம் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்பது, நகுமோவின் கப்பல்களை நேரே தேடிப் போயின. தலைக்குமேல் வரும்வரை ஜப்பானியர் கவனிக்கவில்லை. அக்காகியின் ஓரத்தில் குண்டுகள் விழுந்து தண்ணீர் எழும்பிய பிறகுதான் காவல் விமானங்கள் பாய்ந்தன. ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. அணித் தலைவர் ஆல்ட்டும் அவற்றோடு போனார். ஒரு குண்டும் படவில்லை என்பதால் இந்தத் தாக்குதலைத் தோல்வி என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் தன் தலைக்குமேல் காவல் ஓட்டையாக இருக்கிறது என்ற பாடத்தை அந்தப் படைக்கு முதலில் காட்டியவை இந்த ஒன்பதுதான். பாடம் ஏறவில்லை. இரண்டே மாதத்தில், ஜூன் தொடக்கத்தில், மிட்வேயில் அதே ஓட்டை வழியாக வந்த அமெரிக்க விமானங்கள் அக்காகியையும் சோரியூவையும் ஹிரியூவையும் முடித்தன. அக்காகியின் சிதைவைப் பசிபிக்கின் அடியில் கண்டுபிடித்தது 2019இல்.

மட்டக்களப்புக்கு நேரே கடலில் ஹேர்மிஸ் மூழ்கியது அன்று முற்பகல். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. சேவைக்கு வந்ததில் மட்டும் ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டது. முந்திய இரவு திருகோணமலையிலிருந்து அவசரமாகப் புறப்பட்டபோது அதன் விமானங்கள் கரையிலேயே நின்றுவிட்டன. விமானமே இல்லாத விமானந்தாங்கியைத் தாக்குவதற்கு எகுசா நடத்திய ஜப்பானியக் குண்டுவீச்சாளர்களுக்குச் சில நிமிடங்களே தேவைப்பட்டன. தலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மடிந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய வம்பயரும், ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும், இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் சேர்ந்து போயின. மருத்துவக் கப்பல் வீற்றா அறுநூறு பேரளவில் கரை சேர்த்தது.

சித்திரைப் புத்தாண்டுக்கு நான்கைந்து நாள் இருந்தது.

இத்தனை விமானங்களும் இன்று எங்கே? இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்கள் பழைய விமான ஆர்வலர்கள்தான். உலகெங்கும் இருக்கும் அவர்களிடம் எந்த வகை எத்தனை செய்யப்பட்டது, எத்தனை மிச்சம், எது எந்தக் கொட்டகையில் நிற்கிறது, எது பறக்கும் நிலையில் உள்ளது என்று இலக்கவாரியாகக் கணக்கு இருக்கும். புல்மார் மொத்தம் 600 செய்யப்பட்டன. முழுதாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது இங்கிலாந்தின் யோவில்ற்றனில், கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 91ஆம் குதத்தின்மேல் விழுந்த நகாஜிமா வகையில் ஆயிரத்துக்கும் மேல் செய்திருந்தார்கள். முழு விமானமாக ஒன்றுகூடத் தப்பவில்லை. ஹரிக்கேன் பதினான்காயிரத்தைத் தாண்டியது. இன்று பறப்பவை இருபதுக்கும் குறைவு. சுவோட்ஃபிஷ் விரல்விட்டு எண்ணும் அளவு.

பிளெனிமின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கனடாவில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டு, போருக்குப் பின் பண்ணைகளில் கிடந்து துருப்பிடித்த உடல்களிலிருந்து பாகம் பொறுக்கி, இங்கிலாந்தில் தொண்டர்கள் பன்னிரண்டு ஆண்டு உழைத்து ஒன்றைப் பறக்கவைத்தார்கள். 1987 மே மாதம் அது எழும்பியது. ஒரு மாதம் முடிவதற்குள், ஜூனில், டென்ஹமில் நடந்த காட்சியின்போது விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். அதே ஆட்கள் மறுபடி தொடங்கினார்கள். 1993இல் இரண்டாவது பிளெனிம் பறந்தது. 2003இல் டக்ஸ்ஃபோர்ட்டில் தரையிறங்கும்போது அதுவும் அடிபட்டது. மூன்றாம் முறை 2014இல் எழுந்தது. சம்பளம் இல்லாமல், வார இறுதிகளில், எண்ணெய்க் கையோடு தலைமுறை ஒன்றையே இதில் கழித்திருக்கிறார்கள். இதைப் பைத்தியம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கொழும்புத் திடலிலிருந்து போய்த் திரும்பாத ஐந்து பிளெனிம்களின் ஆட்கள் எப்படிப்பட்ட இடுக்கில் உட்கார்ந்து போனார்கள் என்பதை உலகில் இன்று பறந்து காட்டக்கூடிய விமானம் அது ஒன்றுதான் என்பதையும் மறக்க முடியவில்லை.

இயந்திரத்துக்கு அழுவதா என்ற கேள்வி இங்கே வரும். 2022 நவம்பர் 12ஆம் திகதி டெக்சசின் டலஸ் நகரில், விமானக் காட்சியொன்றில் பி-17 குண்டுவீச்சு விமானத்தின்மேல் பி-63 கிங்கோப்ரா மோதியது. ஆறு பேர் அங்கேயே போனார்கள். அன்று மாலையே ஆர்வலர்களிடமிருந்து இரண்டு வகைப் புலம்பல் எழுந்தது: ஆறு பேரின் குடும்பங்களுக்காக ஒன்று, 'டெக்சஸ் றெய்டர்ஸ்' என்ற பெயரோடு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆர்வலர் சங்கம் ஒன்று வைத்துக் காத்த பி-17க்காக மற்றொன்று. இரண்டாவதைக் கேட்டவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். எனக்குச் சுளிக்கத் தோன்றவில்லை. திருகோணமலைக் கரையில் வள்ளத்துக்குப் பெயர் வைத்துப் பொட்டிடுகிறோம். ஆயுத பூசையன்று லொறிக்கும் தையல் இயந்திரத்துக்கும் சந்தனம் தடவுகிறோம். சுனாமியில் வள்ளம் போனவர் அதைச் சொல்லி அழுதால் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. கருவியோடு பழகியவர் அதை இழந்து அழுவது நமக்கு அந்நியம் இல்லை.

என் குறை வேறு. ஆர்வலர்களின் துக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: நான்கு விமானங்கள் அணிவகுத்து வரும், கூட்டத்தின் தலைக்குமேல் வந்ததும் ஒன்று மட்டும் பிரிந்து மேலே ஏறிப் போய்விடும், மற்ற மூன்றும் வெற்றிடத்தோடு தொடரும். இறந்த விமானிக்கான மரியாதை அது. அழகான சடங்குதான். பழைய விமானம் விழுந்ததற்கு மரியாதை செய்யப் பழைய விமானங்களையே எழுப்புகிறார்கள் என்பதும் உண்மை. அந்த ஆபத்து யார் தலையில் விழுகிறது என்பதே என் குறை. டலஸ் விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, வானில் எந்த விமானம் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று பிரித்து வைக்கும் திட்டம் போதாமலிருந்ததைக் காரணமாகக் காட்டியது. இயந்திரம் கிழடு என்பதால் நேர்ந்த விபத்தன்று அது. 2019 ஒக்ரோபரில் கனெற்றிக்கற்றில் விழுந்த 'நைன் ஓ நைன்' பி-17இல் பதின்மூன்று பேர் இருந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐவர் காசு கொடுத்து ஏறிய பயணிகள். விமானியின் கையாளுகையோடு பராமரிப்புக் குறையையும் விசாரணை சுட்டியது. பயணிகளை ஏற்றும் அனுமதி அந்த விமானத்தை வைத்திருந்த அறக்கட்டளையிடமிருந்து பறிக்கப்பட்டது. 2018இல் சுவிற்சர்லாந்து மலையில் மோதிய யுங்கர்ஸ் விமானத்தில் இருபது பேர் இறந்தார்கள். 2015இல் இங்கிலாந்தின் ஷொரமில் ஹண்டர் ஜெட் விழுந்தபோது செத்த பதினொருவரில் ஒருவர்கூட அதில் இருந்தவர் இல்லை. நெடுஞ்சாலையில் இருந்தவர்கள்.

என் தீர்ப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அபாயம் தெரிந்த விமானி, தன் விருப்பத்தில், ஆளில்லாத வெளியில் பழைய விமானத்தைப் பறக்கவிடுவது அவர் உரிமை. டிக்கெட் வாங்கியவரையும் வீதியில் போகிறவரையும் அதில் சேர்க்கும் உரிமை யாருக்கும் இல்லை. 2024 மே மாதம், பிரித்தானிய விமானப்படையின் நினைவுப் பிரிவைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் கொனிங்ஸ்பியில் விழுந்து மார்க் லோங் இறந்தபோது ஆர்வலர்கள் பட்ட துக்கத்தில் ஒரு நேர்மை இருந்தது. பயிற்சி பெற்றவர், தனியாக, தெரிந்தே ஏறிய வேலை அது.

நைன் ஓ நைனை வைத்திருந்த அதே அறக்கட்டளையிடம் இன்னொரு விமானம் உண்டு. நமக்கும் அதற்கும் ஒரு தூரத்து உறவு. அது பி-24 லிபரேற்றர். பிரித்தானியரின் ஆசியப் படைகளிலிருந்து, போர் முடிந்ததும் கான்பூரில் கைவிடப்பட்டது. இந்தியர் பயன்படுத்தக் கூடாதென்று பிரித்தானியர் அங்கே விட்ட லிபரேற்றர்களைச் சேதப்படுத்திவிட்டே போனார்கள். இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் அவற்றை ஒவ்வொன்றாகச் சீர்செய்து பறக்கவைத்தார்கள். இந்திய விமானப்படை 1968 வரை அவற்றை ஓட்டியது. இன்று உலக அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேற்றர்களில் ஒரு பகுதி இந்தத் தொழிற்சாலைக் கைகள் மீட்டவை. பழைய விமானம் மீட்பதைப் பற்றிய பேச்சில் இங்கிலாந்துக் கொட்டகைகளுக்குக் கிடைக்கும் புகழில் பத்தில் ஒன்று அந்தக் கைகளுக்குக் கிடைத்ததில்லை. இலங்கையிலும் 160ஆம் அணியின் லிபரேற்றர்கள் சீகிரியாவிலும் மின்னேரியாவிலும் காங்கேசன்துறையிலும் நின்றன. 1945இல் சிங்கப்பூர்க் கடலில் கண்ணிவெடி போட இங்கிருந்து போய்த் திரும்ப இருபது மணி நேரத்துக்கும் மேல் எடுத்தது. இலங்கைத் தரையில் அவற்றில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

இனி நாம் தயங்கும் இடத்துக்கு வரலாம். விமான ஆர்வலரின் கண்ணோடு இந்தக் கரையில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. வடகிழக்கில் 'கிபிர்' என்ற சொல்லைக் கேட்டாலே நடுவயதைத் தாண்டியவர்களின் முகம் மாறும். 1996இல் விமானப்படை வாங்கிய இஸ்ரேலிய ஜெட்டின் பெயர் அது. பிறகு குண்டு போட வரும் எந்த ஜெட்டுக்கும் ஊர்ப்பெயரானது. 2006 ஏப்ரலில் சம்பூரிலும் மூதூர் கிழக்கிலும் குண்டு விழுந்து ஆயிரக்கணக்கானோர் வீடு விட்டு ஓடினார்கள். 2008 ஓகஸ்டில் புலிகளின் சிறு விமானம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின்மேல் குண்டு போட்டது. சீனன்குடாவின் பழைய ஓடுபாதை இன்று இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி. ஹரிக்கேனின் இயந்திர ஓசையை இசை என்று எழுதும் ஆங்கில ஆர்வலரை இங்குள்ள ஒருவர் புரிந்துகொள்ளலாம். கூட உட்கார்ந்து ரசிக்கச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

ஆனால் அவர்களிடம் கடன் வாங்க வேண்டிய ஒன்று உண்டு, அது பதிவேடு. விமானம் ஒன்று 1942இல் விழுந்தது என்றால் அவர்கள் அத்தோடு விடுவதில்லை. இலக்கம் என்ன, எத்தனை மணிக்கு எழுந்தது, உள்ளே இருந்தவர் யார், எந்த ஊர்க்காரர், உடல் கிடைத்ததா, கல்லறை எங்கே, பெயர் எந்தச் சுவரில் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். பேர்ச்சலின் கற்றலினாவில் இறந்த மூவரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சுவரில் உள்ளன. தெற்காசிய, தென்கிழக்காசியக் கடல்களில் உடல் கிடைக்காமல் போன பொதுநலவாய விமானப் படையினருக்கெல்லாம் இடம் அதுதான். உடல் கிடைத்தவர்கள் பலர் உப்புவெளியில், நிலாவெளி வீதியோரப் போர்க் கல்லறையில் இருக்கிறார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள். புல் வெட்டி, பெயர் துடைத்து, பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. இறந்தவனின் பெயரையும் அவன் செய்ததையும் கல்லில் வெட்டி நட்ட நடுகல் மரபு நம்முடையது என்று பெருமை பேசுகிறோம். அந்த வேலையை நம் ஊரில் இன்று சலிக்காமல் செய்வது அந்த ஆணையம்.

ஆணையத்தின் வேலை படையினரோடு முடிகிறது. அன்று காலை துறைமுகத்தில் படையினர் மட்டும் இருக்கவில்லை. கப்பற்பட்டறையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மலையாளிகளும் வேலை செய்தார்கள். எண்ணெய்க் குதங்களை 1920களிலும் 30களிலும் கட்டியவர்கள், பின் அவற்றில் குழாய் திறந்து மூடியவர்கள், துறைமுகத்தில் சாமான் இறக்கியவர்கள், ஓடுபாதைக்கு மண் சுமந்தவர்கள் எல்லோரும் குண்டு விழுந்த வட்டத்துக்குள்தான் இருந்தார்கள். பிரித்தானியர் எழுதிய போர் நூல்களில் இவர்கள் பெரும்பாலும் தாக்குதலுக்குப் பின் வேலையை விட்டு ஓடியவர்கள் என்ற அளவிலேயே வருகிறார்கள். ஓடாமல் என்ன செய்வது? ஹரிக்கேனுக்கே தாக்குப்பிடிக்க முடியாத காலையில், கையில் சவளோடு நின்றவர் ஓடியதைக் குறையாக எழுதிய பேனாவை என்னால் மதிக்க முடியவில்லை.

பொருட்களுக்கு நாம் காட்டிய அக்கறை ஆட்களுக்கு எட்டவில்லை. அன்று துறைமுகத்தில் தீப்பிடித்த சகாயிங் கப்பல் 1943இல் இறங்குதுறையாகப் பயன்படும்படி மூழ்கடிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் பல மாத உழைப்பில் அதை மறுபடி மேலே மிதக்கவிட்டார்கள். நல்ல காரியம், பத்திரிகைகள் படத்தோடு எழுதின. ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கடலில், ஐம்பது மீற்றர் ஆழத்தில், பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து சுழியோடிகள் வருகிறார்கள். குதங்கள் 2022 ஜனவரி உடன்படிக்கையில் பங்கிடப்பட்டன: 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, 61 இவை இரண்டின் கூட்டு நிறுவனத்துக்கு. 99 குதங்களையும் ஒன்று விடாமல் எண்ண நமக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே திருகோணமலை வாசகரிடம் ஒரு வேண்டுகோள். நகரிலோ, கிண்ணியாவிலோ, மூதூரிலோ, தம்பலகாமத்திலோ, நிலாவெளியிலோ உங்கள் வீட்டில் 'குண்டு விழுந்த வருஷம்' என்று பேச்சு வந்திருந்தால், அதை இந்த வாரமே ஒரு கொப்பியில் எழுதுங்கள். இறந்தவரின் பெயர், தகப்பன் பெயர், ஊர், வேலை செய்த இடம், எப்படி இறந்தார், இதைச் சொல்பவர் யார், அவருக்கு யார் சொன்னது. உறுதியாகத் தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியே குறியுங்கள்; விமான ஆர்வலர்கள் அதை ஒழுங்காகச் செய்வார்கள். ஓடித் தப்பியவர்களின் கதையையும் விடாதீர்கள். ஒரு பிரதியைப் பொது நூலகத்திலும், இன்னொன்றைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் கொடுங்கள். நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பினால் மின்வடிவில் காப்பாற்றுவார்கள். அந்தக் காலையைப் பத்து வயதில் பார்த்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள்.